இருபத்தாறாம் எண் வீட்டு வாசல்

கஸ்பார் சலவை இயந்திரத்தின் பக்கவாட்டில் காதை ஒட்டிக்கொண்டு குந்தியிருக்கிறார். காலை ஏழு மணி பத்து நிமிடம். இயந்திரம் சுழல்கிறது. சுழலச் சுழல அது சிமெண்டுத் தரையில் நகர்கிறது. கஸ்பாரும் காதை எடுக்காமல், குந்தியபடியே அதனோடு நகர்கிறார். ஒன்றரை அடி போனதும் அதன் தலையில் விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "பேரிங் போச்சு லா இவளுக்கு" என்கிறார். அவருக்குச் சலவை இயந்திரங்கள் எல்லாம் பெண்கள், குளிர்பெட்டிகள் எல்லாம் ஆண்கள். காரணமும் வைத்திருக்கிறார். "ஐஸ்பெட்டி சும்மா நிக்கும். வேல செய்யிறது இவதானே."

சோதனை ஓட்டத்துக்கு ஒரு கைப்பிடி சோப்புத்தூள் போதும். கஸ்பார் மூன்று கைப்பிடி போடுவார். நுரை கார் நிறுத்தும் அவருடைய போர்ச்சைக் கடந்து, வாசல் சரிவில் இறங்கி, வீடுகளுக்கு முன்னால் ஓடும் கால்வாயில் விழுந்து, 28-ஆம் எண் வீட்டையும் 30-ஆம் எண் வீட்டையும் தாண்டிப் போகும். 28 தினேஸ்வரியின் வீடு. 30 என்னுடையது. கஸ்பாருடையது 26. இடையில் உள்ள சுவர்கள் ஒற்றைச் செங்கல் சுவர்கள்.

பேராக் மாநிலத்தில், ஈப்போவை அடுத்த லகாட்டுக்கு அருகே, தாமான் புக்கிட் காப்பூர் குடியிருப்பில் எங்கள் வரிசையில் மொத்தம் பதினாறு வீடுகள். ஒவ்வொன்றும் இருபது அடிக்கு எழுபது அடி மனை. 1994 வரை இங்கே சுண்ணாம்புமலைத் தோட்டத்தின் ரப்பர் மரங்கள் நின்றன. நான் அந்தத் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கும் பெயர்ப்பதிவும் எழுதும் கிராணியாக இருந்தேன். கஸ்பார் புகைவீட்டில் ரப்பர் ஷீட் காயப்போடும் வேலையில் இருந்தார். தோட்டம் விற்கப்பட்ட பிறகு புந்தோங்கில் ஒரு மின்சாதனக் கடையில் வேலை கற்றுக்கொண்டு, 2007-இல் தனியாகத் தொழில் தொடங்கினார். கடை எடுக்கவில்லை. வீட்டு வாசலே கடை.

குட்டையான மனிதர். வயது அறுபத்தொன்று. முன்கைகள் தடித்தவை, இடது கட்டைவிரல் நகம் எப்போதும் கறுத்திருக்கும். பேராக் காற்பந்துக் குழுவின் மஞ்சள் கறுப்புச் சட்டை, மஞ்சள் வெளுத்துப்போனது. காதில் ஒரு பேனா செருகியிருப்பார். அதை வைத்து எழுதி நான் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கிடையாது, மெல்லிய செம்புக் கம்பி. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போகும்போது மட்டும் வெள்ளைச் சட்டை. கஞ்சி போட்டு அவரே தேய்ப்பார். ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம் என்பதால் சனிக்கிழமையே பூசை பார்த்துவிடுவது அவர் வழக்கம்.

அவருடைய வீட்டுக்குள்ளே போனால் தரையில் முகம் பார்க்கலாம். அது அவருடைய மனைவி குழந்தையம்மாளின் சட்டம். நிலைப்படியைத் தாண்டி ஒரு திருகாணிகூட உள்ளே வரக் கூடாது. "உள்ளுக்கு அவ ராஜ்யம், வெளிய என் ராஜ்யம்" என்று கஸ்பார் பெருமையாகச் சொல்லுவார். வெளியே இருப்பது அவர் ஒருவருடைய ராஜ்யம் அல்ல என்பதுதான் என் வழக்கு.

2024 ஜூன் முதல் தேதி நிலவரப்படி அவருடைய போர்ச்சில் பதினொரு சலவை இயந்திரங்களும் இரண்டு குளிர்பெட்டிகளும் இருந்தன. ஓடக்கூடியவை நான்கு. மற்றவற்றை ஏன் வைத்திருக்கிறார் என்று கேட்டால், "சாயாங் லா அண்ணே, மோட்டார் நல்லாருக்கு" என்பார். சாயாங் என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும்: வீணாக்க மனம் வரவில்லை. இரும்பு வாசற்கதவை 2009-இல் கழற்றிக் கால்வாயின் மேல் பாலமாகப் போட்டுவிட்டார், இயந்திரங்களைத் தள்ளி ஏற்ற வசதியாக. கூரையோரத் தகரக் குழாயில் ஓர் ஆலங்கன்று முளைத்து மூன்றடி வளர்ந்து நிற்கிறது. மழை பெய்தால் தண்ணீர் அந்த இடத்தில் வழிந்து, தினேஸ்வரியின் சுவரில் பச்சையாகப் பாசி பிடிக்கிறது. அவள் 2019-இல் ஒரு முறை, 2022-இல் ஒரு முறை சாயம் பூசினாள். கன்றை வெட்டச் சொன்னேன். "பச்சையா இருக்கு, பாக்க நல்லாத்தானே இருக்கு" என்றார்.

போர்ச்சில் இயந்திரங்கள் நின்றால் கஸ்பாரின் வேன் எங்கே நிற்கும்? தினேஸ்வரியின் வாசலுக்குக் குறுக்கே. வெள்ளை வேன், நீளம் நான்கு மீட்டருக்குச் சற்று மேல். அவளுடைய வாசலின் அகலம் மூன்று மீட்டர். இதில் கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை. அவள் ஹாரன் அடித்தால் கஸ்பார் கையில் ஸ்பேனருடன் எட்டிப் பார்த்து, "ஒரு நிமிசம் லா" என்பார். அந்த ஒரு நிமிடத்தின் சராசரி நீளம் ஏழு நிமிடம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், வீட்டுக்கு முன் இருந்த மண் எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை. யார் சைக்கிளும் யார் வாசலிலும் நிற்கும். ஒரு கல்யாணம் என்றால் எட்டு வீட்டு வாசலையும் அடைத்துப் பந்தல் போடுவார்கள். அந்த எட்டு வீட்டாரும் அனுமதி கேட்டார்களா என்று யோசித்ததுகூடக் கிடையாது. அங்கே அது சரி. அங்கே மண் கம்பெனியுடையது. ஒருவரும் ஒரு காசு போட்டு வாங்கவில்லை. இங்கே ஒவ்வொரு அடிக்கும் முப்பது ஆண்டு வங்கிக் கடன் எடுத்துக் கட்டிவருகிறோம். கஸ்பார் தோட்டத்தை விட்டு வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய வேன் இன்னும் லயத்து வாசலில்தான் நிற்கிறது.

நகர மன்றத்துக்கு மனு எழுதலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். எழுதினேன். கையெழுத்து வாங்க வரிசை முழுதும் போனேன். பதினாறு வீடுகளில் இரண்டு கையெழுத்துதான் விழுந்தது. ஒன்று என்னுடையது. மற்றொன்று கடைசி வீட்டுச் சீனப் பெரியவருடையது. அவர் கையால் துணி துவைப்பவர். மீதி வீடுகளில் எல்லாம், தினேஸ்வரியின் வீடு உட்பட, கஸ்பார் பழுது பார்த்த இயந்திரம் ஓடுகிறது. பாதி வீடுகளில் கூலி வாங்கியதில்லை. இயந்திரத்துக்குள் சிக்கிய ஊக்கு, பொத்தான், தோடு, சாவி எல்லாவற்றையும் எடுத்து, தாளில் மடித்து, வீட்டு எண் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பார். அப்படிப்பட்டவர்மேல் யார் மனு கொடுப்பார்கள்? என் மனைவி கலாதேவியே கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

"நம்ம மிஷின் கெட்டா யாரு வருவா? உங்க மனுவா வந்து தொவைக்கும்?" என்றாள்.

நல்ல மனிதர் என்பதற்காக ஒருவர் பக்கத்து வீட்டின் விலையைக் குறைக்கலாமா? நான் கேட்பது இதை மட்டும்தான். எங்கள் வரிசையில் 38-ஆம் எண் வீடு 2024 பிப்ரவரியில் இரண்டு இலட்சத்து முப்பத்தெட்டாயிரம் வெள்ளிக்கு விற்றது. கஸ்பாரின் மறுபக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்ட வீடு அதற்கு ஐந்து மாதம் முன்பு இரண்டு இலட்சத்து எட்டாயிரத்துக்குப் போனது. அதே கட்டுமானக்காரர், அதே ஆண்டு, அதே ஓடு. அந்த வீட்டில் சமையலறை இன்னும் பெரிது.

தினேஸ்வரி பத்து காஜா மருத்துவமனையில் தாதியாக இருந்தவள். கணவர் இல்லை. 2024 ஜனவரியில் பதவி உயர்வோடு கிள்ளானுக்கு மாற்றல் வந்தது. அங்கே ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டினாள். இந்த வீட்டை ஜூன் 30-க்குள் விற்று ஒப்பந்தம் போட்டால்தான் அந்த வீடு அவளுக்கு; இல்லாவிட்டால் வேறு ஒருவருக்கு. அதுவரை அவள் கிள்ளானில் ஓர் அறையில். பதினைந்து வயது மகள் புந்தோங்கில் சித்தி வீட்டில். வாரம் தவறாமல் சனிக்கிழமை பேருந்து பிடித்து வருவாள். மகளை அழைத்துக்கொண்டு இங்கே வந்து வீட்டைக் கூட்டித் துடைத்து, ஞாயிறு மாலை மகளைச் சித்தியிடம் விட்டுவிட்டுப் போவாள்.

ஏப்ரல் 20 அன்று மெங்லெம்புவிலிருந்து ஓர் ஆசிரியத் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். தொலைபேசியிலேயே இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்துக்குச் சம்மதம் சொல்லியிருந்தார்கள். வாசலில் வேன். கஸ்பார், "ஒரு நிமிசம் லா" என்றார். சாவி குழந்தையம்மாளின் கைப்பையில், கைப்பை சந்தையில். பதினோரு நிமிடம் அந்த அம்மாள் கால்வாய் ஓரத்தில் நின்றார். அவருடைய செருப்பின்மேல் நுரை ஏறியது. வீட்டுக்குள் போகாமலே திரும்பிவிட்டார்கள். மே 18 அன்று ஓர் இளைஞன் வந்தான். வீட்டைப் பார்த்தான், பிடித்திருந்தது. வெளியே வந்து 26-ஐப் பார்த்துவிட்டு, "ரெண்டு லட்சத்து அஞ்சாயிரம் போடலாம் அக்கா. இந்த வீட்டப் பாத்தா பேங்குக்காரன் வேல்யூவ கொறச்சிருவான்" என்றான். அவன் போன பிறகு தினேஸ்வரி காலணியைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, கஸ்பாரின் நுரை உலர்ந்து வெள்ளையாக நின்ற தன் வாசலைக் கழுவினாள்.

மூன்றாவதாக ஈப்போவில் உணவகம் வைத்திருக்கும் முகம்மது கௌஸ், ஆகஸ்டில் திருமணமாகப்போகும் மகள் முஹ்ஸினாவுக்காக வீடு பார்க்க வருவதாகச் சொன்னார். ஜூன் 9, ஞாயிறு, நண்பகல். இதை விட்டால் தினேஸ்வரிக்கு வேறு வாய்ப்பில்லை. முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு நான் 26-க்குப் போனேன். கஸ்பார் பூசைக்குப் புறப்பட்டு, கஞ்சி போட்ட சட்டையில் நின்றிருந்தார்.

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வீடு பாக்க வாராங்க. அதுக்குள்ள உன் போர்ச்சுல ஒரு மிஷின் இருக்கக் கூடாது" என்றேன்.

"பதினொண்ணு இருக்கு கிராணி அண்ணே. ரெண்டு ஆம்பளைங்க வேற. எங்க கொண்டு போயி வைக்கிறது?"

"எங்கயாச்சும் வை. உன் வீட்டு முன்னுக்கு மட்டும் கண்ணுல படக் கூடாது."

அவர் கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வீடு விக்கவா அண்ணே வாங்குனோம்? இருக்கத்தானே லா வாங்குனோம். வெல ஏறுனா என்ன, எறங்குனா என்ன?"

"நீ இருக்கற. அந்தப் புள்ள விக்கணும். நடுவுல இருக்கறது ஒத்தச் செங்கல் சுவரு. உன் பக்கம் நீ குப்பையப் போட்டா அவ பக்கம் காசு கொட்டிப்போவுது. இது லயம் இல்ல கஸ்பார். இருபத்தாறு வருசம் ஆச்சு."

குழந்தையம்மாள் உள்ளேயிருந்து, "நல்லாக் கேளுங்க ஐயா" என்றார்.

கஸ்பார் இயந்திரங்களைப் பார்த்தார். "சரி லா. தினேஸு நம்ம புள்ள. செஞ்சிருவோம்" என்றார். அந்த வார்த்தையை நான் நம்பினேன்.

ஞாயிறு காலை எட்டே காலுக்குப் புந்தோங்கில் ஒரு திருமணத்துக்குப் போனேன். சாப்பிடாமல் புறப்பட்டு, பதினொன்று முப்பத்தைந்துக்குத் திரும்பினேன். தெருமுனையிலிருந்தே 26 தெரிந்தது. ஓர் இயந்திரம்கூட இல்லை. போர்ச் கழுவிவிடப்பட்டிருந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கஸ்பார், முதல் நாள் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையில், கால்மேல் கால். கூரையில் ஆலங்கன்றுகூட வெட்டப்பட்டிருந்தது. இரண்டு விநாடி எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் என் வீட்டைப் பார்த்தேன்.

நான் காரை எடுத்துக்கொண்டு போனதால் காலியான என் போர்ச்சில் பதினொரு சலவை இயந்திரங்களும் மூன்று வரிசையாக நின்றன. பின்னால் சுவரோரம் இரண்டு குளிர்பெட்டிகள். மேலே நீல நிறக் கேன்வாஸ். நான் 2021-இல் பதித்த வெளிர்நிறத் தரையோடுகளில் ஒரு சாண் இடம்கூடத் தெரியவில்லை. வெள்ளை வேன் என் வாசலுக்குக் குறுக்கே நின்றது. காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன்.

"யாரைக் கேட்டு உள்ள விட்ட?" என்று கலாதேவியைக் கேட்டேன்.

"நீங்கதான் சொன்னீங்கன்னாரு. எங்கயாச்சும் வைன்னு சொன்னீங்களாம். ரெண்டு மணி நேரந்தானாம்."

"எங்கயாச்சும்னா நம்ம வீடா?"

"அத நீங்கல்ல அவருகிட்டச் சொல்லிருக்கணும்?"

கஸ்பார் நாற்காலியிலிருந்து எழாமலே கை காட்டினார். "அண்ணே, இந்தத் தெருவுல உங்க எடந்தான் சுத்தமா இருந்துச்சு. நம்ம சாமானுக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க பயப்படாதீங்க லா."

நான் பயந்தது அவருடைய சாமானுக்காக அல்ல. அதைச் சொல்ல வாய் திறந்தபோது ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. முகம்மது கௌஸ் மகளோடு இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.

அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. கடைக்காரர்களுக்கே உரிய பார்வை: வீட்டுக்குள் போகுமுன் இடமும் வலமும் பார்த்தார். இடப்பக்கம் கஸ்பாரின் வீடு, தலையசைத்தார். வலப்பக்கம் என் வீடு, புருவம் சுருங்கியது.

"அது யாரு வீடு?"

தினேஸ்வரி அப்போதுதான் வெளியே வந்தாள். என் போர்ச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கஸ்பார் முந்திக்கொண்டார்.

"அதுவா பாய்? நம்ம பெரிய கிராணி வீடு. ரிட்டையராயிட்டாரு. தங்கமான மனுசன். சாமான் சேத்து வச்சிருவாரு, தூக்கிப்போட மனசு வராது. வயசாச்சு, என்னா செய்யிறது? ஆனா நடுவுல சத்தம் கித்தம் ஒண்ணும் இருக்காது."

நான் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு பழைய நாளிதழைக்கூடத் தேவையில்லாமல் வைத்துக்கொண்டதில்லை. கலாதேவி சன்னலுக்குப் பின்னால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழவில்லை.

"உங்களுதா இதெல்லாம்?" என்று கௌஸ் என்னைக் கேட்டார்.

தினேஸ்வரி என் முகத்தையே பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அவளுடைய வீடு போகும். பொய் சொல்ல எனக்கு வராது. "வீடு என்னுது" என்றேன். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

காப்பாற்றியதோ கெடுத்ததோ, முஹ்ஸினாதான். "அத்தா, வேன்ல பாருங்க" என்றாள்.

என் வாசலில் நின்ற வேனின் பக்கவாட்டில், மலாயில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, ஓரடி உயர எழுத்தில்: கஸ்பார், வாஷிங் மிஷின், ஐஸ்பெட்டி ரிப்பேர். கீழே தொலைபேசி எண். பதின்மூன்று சாமானை ஒளித்தவர் அதை மறந்துவிட்டார்.

"யாரு கஸ்பார்?" என்றார் கௌஸ்.

அந்தக் காலத்தில் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நான் பெயர் கூப்பிடும்போது தொழிலாளர்கள் கை தூக்குவார்கள். அதே போல, கை தோளுக்கு மேல் ஏறாமல், கஸ்பார் தூக்கினார். "நாந்தான் லா பாய்."

கௌஸ் கோபிக்கவில்லை. "முப்பத்திரண்டு வருசமா கடை நடத்துறேன் தம்பி. சுகாதாரச் சோதனைக்கு வாராங்கன்னா பின்னாடி கெடக்கிற சட்டிய எங்க ஒளிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? நானே ஒளிச்சவன்தான். ஆனா பக்கத்துக் கடைக்காரன் தலையில கட்டுனதில்ல."

வீட்டைச் சுற்றி நாற்பது நிமிடம் பார்த்தார். குழாய்களைத் திறந்து பார்த்தார், மேற்கூரையைத் தட்டிப் பார்த்தார். வீடு பிடித்துவிட்டது, முஹ்ஸினா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. வாசலுக்கு வந்து சொன்னார்: "வீட்டுக்கு ரெண்டு லட்சத்து முப்பது சரிதாம்மா. ஆனா என் மவ இந்தத் தம்பிகூடல்ல சுவரப் பங்கு போட்டுக்கணும். ரெண்டு லட்சத்து பதினெட்டு."

தினேஸ்வரியின் கை வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டது. கிள்ளான் வீட்டுக்குக் குறைந்தது இரண்டு இலட்சத்து இருபத்து மூன்றாயிரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் பொறுமை முடிந்தது. கஸ்பாரைக் கூப்பிட்டு அவர்கள் நடுவில் நிறுத்தினேன்.

"சொல்லு. பாயிகிட்டச் சொல்லு. அந்தப் பொண்ணு குடி வரும்போது உன் வாசல்ல என்ன இருக்கும்?"

"அண்ணே, தொழிலு..."

"தொழில லகாட் கடவரிசையில செய். மூணு கடை காலியாக் கெடக்கு. அடுத்தவன் வாசல்ல எத்தன வருசம் நிப்ப? இந்தப் புள்ள மவள விட்டுட்டு ஆறு மாசமா பஸ்ஸுல அலையுது. நீ ஒரு நிமிசம் ஒரு நிமிசம்னு அவள எத்தன நாளு நிக்க வச்ச, தெரியுமா உனக்கு? நாப்பத்தொண்ணு."

கஸ்பார் என்னைப் பார்க்கவில்லை. தினேஸ்வரியைப் பார்த்தார். "அவ்ளவா மா?" என்றார்.

"பரவால்ல அங்கிள்" என்றாள் அவள். இந்த வரிசையில் எல்லோருக்கும் அந்த ஒரு வார்த்தைதான் தெரியும். அதனால்தான் இந்த நிலைமை.

"மூணு மிஷின்" என்றார் கஸ்பார். "மூணு மட்டும் வச்சுக்கிறேன் பாய். மத்தத கடையில போடுறேன். வேன என் முன்னுக்குத்தான் நிப்பாட்டுவேன். மேல ஒண்ணு இருந்தா நீங்களே தூக்கி லோரியில ஏத்திருங்க."

"எழுதிக் குடு" என்றார் கௌஸ்.

கஸ்பார் காதிலிருந்து பேனாவை எடுத்தார். மை இல்லை. என் பேனாவால் நானே எழுதினேன்: 26-ஆம் எண் வீட்டு முன்புறத்தில் ஜூலை 31-க்குப் பிறகு மூன்று இயந்திரங்களுக்கு மேல் இராது, வாகனம் 28-ஆம் எண் வாசலை மறிக்காது. கஸ்பார் கையெழுத்திட்டார். குழந்தையம்மாளும் தாமாகவே வந்து சாட்சிக் கையெழுத்திட்டார். கௌஸ் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு லட்சத்து இருபத்து நாலு. இன்ஷா அல்லாஹ், வாரம் முடியறதுக்குள்ள லாயரப் பாப்போம்" என்றார். தினேஸ்வரி தலையசைத்தாள். உள்ளே போய், அன்று சித்தி வீட்டிலேயே விட்டுவந்த மகளுக்குத் தொலைபேசியில் சொல்லும் குரல் வெளியே கேட்டது. "ஜூலையில ஸ்கூல் மாத்திரலாம்" என்று இரண்டு முறை சொன்னாள்.

விற்றது நல்லதுதான். ஆனால் ஆறாயிரம் வெள்ளி போனது. அவள் வீட்டில் ஒரு கீறல் இல்லை. அந்த ஆறாயிரம், சுவருக்கு அடுத்த பக்கத்தில் நின்றவற்றுக்கு அவள் கட்டிய வாடகை. பதின்மூன்றையும் பழைய இரும்பு லாரிக்காரரிடம் எடைக்குப் போட்டால் ஐந்நூறு தேறாது. இதைக் கஸ்பாரிடம் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"பாத்தீங்களா அண்ணே, வித்துருச்சு லா. ரெண்டு பேரு வந்து ஓடிப்போனாங்க. நாம ரெண்டு பேரும் சேந்து நின்னோம், வித்துருச்சு."

மூன்று மணிக்கு இயந்திரங்களைத் திரும்ப எடுக்க ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வேனுக்குள் வைத்துவிட்டு, பனியனோடு, ஒவ்வொன்றாகச் சாய்த்து, ஒற்றைக் காலில் நடக்கவைத்துக் கொண்டுபோனார். "வா மா, வா, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்று பேச்சு வேறு. நான் நாற்காலி போட்டு வாசலிலேயே உட்கார்ந்து எண்ணினேன். நான்கே முக்காலுக்குப் பதின்மூன்றும் போய்விட்டன.

மூன்றாவது வரிசையில் நின்ற ஓர் இயந்திரம் கசிந்திருக்கிறது. தரையோட்டில் தட்டளவுக்குப் பழுப்பாக ஒரு துருவளையம். நான் அதை நோக்கி விரலை நீட்டினேன். கஸ்பார் மண்டியிட்டார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். பனியன் நுனியால் தேய்த்தார். குழந்தையம்மாளிடம் ஓடிப்போய்ப் புளித்தண்ணீர் வாங்கிவந்து ஊற்றித் தேய்த்தார். வளையம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

எழுந்து சுற்றிலும் பார்த்தார். தூணருகே இருந்த கலாதேவியின் கறிவேப்பிலைத் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து, வளையத்தின் மேல் வைத்தார். பிறகு என்னைக் கடந்து தெருவுக்குப் போனார். முகம்மது கௌஸ் நின்று பார்த்த இடத்தில் நின்று, தலையைச் சாய்த்து என் வீட்டைப் பார்த்தார். திரும்பி வந்து, தொட்டியை இரண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளினார்.